கல் எடுத்த குழியில் காடு

புத்தளத்திலிருந்து மன்னார் வழியாக யாழ்ப்பாணம் வரை எங்கே ஆழமாகத் தோண்டினாலும் ஒரு பழைய கடலின் அடித்தளம் தட்டுப்படும். ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்னர், புவியியலாளர் மயோசீன் என்று அழைக்கும் காலத்தில், இலங்கையின் வடமேற்கு விளிம்பு ஆழமில்லாத, வெதுவெதுப்பான கடலுக்குக் கீழே கிடந்தது. அதில் வாழ்ந்த சிப்பிகளும் கடல் முள்ளெலிகளும் முருகைகளும் கண்ணுக்கு மட்டுமட்டாகத் தெரியும் ஒருகல உயிர்களும் செத்து விழ, அவற்றின் ஓடுகள் படிந்து படிந்து இறுகிக் கல்லாயின. குடாநாட்டில் கிணறு வெட்டுகிறவர்களை அலவாங்கோடு மல்லுக்கு நிற்கவைப்பது அந்தக் கல்தான். மழைத் தண்ணீரைத் தன் பொந்துகளில் தேக்கி வைத்துக் கோடையில் கிணற்றுக்குத் தருவதும் அதே கல்தான்.

மன்னாரிலிருந்து தெற்கே சிலாவத்துறை, முள்ளிக்குளம், மறிச்சுக்கட்டி என்று போய், வில்பத்துக் காட்டைக் கடந்து எழுவன்குளம் பக்கம் இறங்கினால், புத்தளம் களப்பின் வடகரையில் அருவக்காடு இருக்கிறது. செம்மண் போர்த்திய தரை. குதிரைமலை முனையில் கடலை நோக்கி நிற்கும் செம்பு நிற மண்ணைப் பார்த்தவர்களுக்கு அந்த நிறம் தெரியும். செம்மண்ணை விலக்கினால் சுண்ணக்கல். அரை நூற்றாண்டாக அங்கே வெடிவைத்துக் கல் எடுத்து, தனி ரயில் பாதையில் பாலாவிச் சீமெந்து ஆலைக்குக் கொண்டுபோகிறார்கள். இலங்கையில் மயோசீன் காலத்து உயிரெச்சங்கள் நன்றாகக் கிடைக்கும் மிகச் சில இடங்களில் அருவக்காடும் ஒன்று. சுறாப் பற்கள், கடல் முள்ளெலிகள், ஆவுளியா என்ற கடற்பசுவின் விலா எலும்புகள் என்று கல்லுக்குள்ளிருந்து வந்திருக்கின்றன. இன்றைக்கும் மன்னார்க் கடலில் எப்போதாவது வலையில் சிக்கி மீனவரைத் திகைக்கவைக்கும் ஆவுளியாவின் பழங்கால உறவு அது.

அந்தக் கல்லைச் சூளையில் இட்டு 1450 பாகை செல்சியஸ் வரை சூடேற்றும்போது நடப்பதை ஒரு கணக்கில் சொல்லிவிடலாம். சுண்ணக்கல்லின் முதற்பொருள் கல்சியம் காபனேற்று. 100 கிலோ கல்சியம் காபனேற்றை எரித்தால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ காபனீரொட்சைட்டாகப் புகைபோக்கி வழியே வெளியேறும். சூளைக்கு எரிக்கும் நிலக்கரியின் புகை இதில் சேர்த்தியில்லை; இது கல்லுக்குள்ளேயே இருந்த வாயு. இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் சின்னஞ்சிறு உயிர்கள் கடல்நீரிலிருந்து எடுத்துத் தம் ஓட்டுக்குள் பூட்டியதை நாம் ஒரு பிற்பகலில் திறந்துவிடுகிறோம். வீடு கட்டச் சீமெந்து வேண்டும் என்பதை மறுக்கவில்லை. போரில் வீடிழந்து, பத்திருபது ஆண்டு தகரக் கொட்டிலில் இருந்து, பிறகு ஒரு கல்வீட்டுக்குள் குடிபுகுந்த மக்கள் நிறைந்த மாவட்டத்தில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் கல் எடுத்த பின் அந்த இடம் என்னவாகிறது என்று கேட்கும் கடமை அதே வீட்டுக்காரர்களான நமக்கு உண்டு.

காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கிய சீமெந்து ஆலை 1990இல் போரோடு நின்றுபோனது. அதற்காகக் கல் அகழ்ந்த பெருங்குழிகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. முப்பது ஆண்டுக்கு மேல் கிடந்தும் அவற்றின் சுவர்களில் புதரேறியதற்கு மேல் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. கைவிட்டால் காடு தானாக வந்துவிடும் என்று பொதுவாக நினைக்கிறோம். வயலைக் கைவிட்டால் வரும். சேனையைக் கைவிட்டாலும் வரும். கல் அகழ்ந்த குழியில் மட்டும் அது ஏன் இத்தனை தயங்குகிறது?

காரணம் மண். வயலையும் சேனையையும் விட்டுப் போகும்போது மண் அங்கேயே இருக்கிறது. அதனுள் விதைகளும் வேர்த்துண்டுகளும் பூஞ்சணங்களும் பற்றீரியாக்களும் காத்திருக்கின்றன. கற்குழியின் தரையில் இவை எதுவும் இல்லை. வெள்ளைப் பாறை வெயிலைத் திருப்பி அடிக்கிறது. நண்பகலில் முளைக்கும் எந்தச் சிறு செடியும் மேலிருந்தும் கீழிருந்தும் வேகும். மழை பெய்தால் தண்ணீர் ஒன்று வழிந்தோடும் அல்லது வெடிப்புகளில் ஒளிந்துகொள்ளும். சுண்ணக்கல்லின் காரத்தன்மை பொசுபரசையும் இரும்பையும் செடியால் உறிஞ்ச முடியாதபடி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக நைதரசன் இல்லை. காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைதரசன்தான் என்றாலும், இலைகள் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. யாராவது அதை உடைத்துச் செடிக்கு ஏற்ற உருவில் தரவேண்டும். மண்ணில் அந்த வேலையைச் செய்யும் நுண்ணுயிர்கள் வாழ உக்கிய இலை வேண்டும். இலை உதிர மரம் வேண்டும். மரம் வளர நைதரசன் வேண்டும். இந்த வட்டத்துக்குள் நுழைய எங்கேயும் ஒரு வாசல் தெரிவதில்லை.

அந்த வாசலைக் கண்டுபிடித்த இடம் நமக்கு நேர் எதிர்க்கரையில் இருக்கிறது. மன்னாரிலிருந்து இந்துமாக்கடலைத் தாண்டி நாலாயிரத்து ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல் தென்மேற்கே போனால் கென்யாவின் மொம்பாசா. அந்தக் கரை நமக்கு அவ்வளவு அந்நியமல்ல. மன்னார் நகரத்துக்குப் பக்கத்தில் பள்ளிமுனையில், சுற்றளவு பத்தொன்பது மீற்றருக்கு மேல் பருத்து நிற்கும் பெருக்க மரத்தின் தாய்நாடு ஆப்பிரிக்கா. மாந்தைத் துறையும் மன்னாரும் கடல் வணிகத்தில் செழித்த காலங்களில் அராபிய வணிகர் அதைக் கொண்டுவந்து நட்டார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. இந்தியத் துணைக்கண்டத்துப் பெருக்க மரங்களின் மரபணுவை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வொன்று, அவை ஆப்பிரிக்காவிலிருந்து பல தடவைகளில், பல இடங்களிலிருந்து வந்தவை என்று காட்டியது. மொம்பாசாக் கரையோரத்தில் பெருக்க மரம் காட்டு மரம். நான் சொல்லப்போகும் குழிக்குள் தொடங்கிய பண்ணைக்கும் அதன் பெயரைத்தான் வைத்தார்கள்.

மொம்பாசாவுக்கு வடக்கே பம்புரியில் 1951இல் ஒரு சீமெந்து நிறுவனம் உருவானது. 1954இல் ஆலை ஓடத் தொடங்கியது. அங்கே வெட்டியது நம்முடையதைவிட மிக இளைய கல். லட்சத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் உயர்ந்திருந்தபோது வளர்ந்து, கடல் இறங்கியதும் கரையில் நின்றுபோன முருகைக்கற்பாறை. பதினேழு ஆண்டு வெட்டிய பிறகு, கடற்கரைச் சாலையோரமாக வெள்ளை வெளேரென்று பெரும் பள்ளமொன்று கிடந்தது. நிலத்தடி நீர்மட்டத்துக்குச் சற்றே மேலே அகழ்வை நிறுத்தியிருந்தார்கள். ஆங்காங்கே இன்னும் கொஞ்சம் தோண்டினால் உவர் கலந்த நீர் ஊறியது. அந்தச் சற்றே மேலே என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததெல்லாம் அதனால்தான் நடக்க முடிந்தது.

ரெனே ஹாலர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் அந்த நிறுவனத்தில் 1959 முதல் தோட்டக்கலை அலுவலராக இருந்தார். தொழிலாளர்களுக்குக் காய்கறியும் பழமும் விளைவிப்பது அவர் வேலை. 1971இல் குழியைப் பசுமையாக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. வெளியிலிருந்து லாரி லாரியாக மண் கொண்டுவந்து கொட்டிப் பூந்தோட்டம் போட்டிருந்தால் அது மற்றுமொரு தோட்டமாக முடிந்திருக்கும். அவர் பாறையிலேயே நட்டுப் பார்த்தார். 26 வகை மரக்கன்றுகளை வைத்துக் காத்திருந்ததில் மூன்று வகைதான் பிழைத்தன. ஒன்று தென்னை. மற்றொன்று சோமாலியப் பகுதியின் டமாஸ் மரம். மூன்றாவது சவுக்கு.

சவுக்கை நமக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. காரைநகரின் கசூரினாக் கடற்கரைக்கு அந்தப் பெயர் வந்ததே அந்த மரத்தின் அறிவியற் பெயரால்தான். கடலோர மணல், உப்புக்காற்று, பசளையே காணாத நிலம் எதுவானாலும் நிமிர்ந்து வளரும். அதன் துணிவுக்குக் காரணம் வேரில் இருக்கிறது. அவரைக் குடும்பத்துச் செடிகளின் வேர் முடிச்சுகளில் றைசோபியம் இருப்பதுபோல, சவுக்கின் வேர் முடிச்சுகளில் பிராங்கியா என்ற பற்றீரியா குடியிருக்கிறது. காற்றிலுள்ள நைதரசனை உடைத்து மரத்துக்குக் கொடுத்து, பதிலுக்கு இலைகள் சமைத்த சர்க்கரையை வாங்கிக்கொள்கிறது. அதோடு வேரைச் சுற்றிப் பின்னிக்கொள்ளும் பூஞ்சணங்கள், வேர் எட்டாத நுண்வெடிப்புகளுக்குள் நூல்போல நுழைந்து பொசுபரசைத் தேடி வரும். நாற்றுக்களை வெறுமனே நட்டபோது அவை நலிந்தன. வளர்ந்த சவுக்கின் அடியிலிருந்து ஒரு பிடி மண்ணெடுத்து நாற்றுக்கு இட்டபோது தளிர்த்தன. அந்த ஒரு பிடியில் வந்தது பசளை அல்ல, கூட்டாளிகள்.

இரண்டு மூன்று ஆண்டுகளில் நிழல் வந்தது. நிழல் வந்ததும் தரை குளிர்ந்தது. பிறகு வேலை முட்டுப்பட்டு நின்றது. சவுக்கின் ஊசியிலைபோன்ற கிளைத்துண்டுகள் உதிர்ந்து தரையை மூடினவே தவிர உக்கவில்லை. அவற்றில் தனின் அதிகம். பற்றீரியாக்களுக்கு அது உவப்பில்லை. கசூரினாக் கடற்கரையில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு அந்த மெத்தை தெரியும். அதன்மேல் வேறு எதுவும் எளிதில் முளைக்காது. மரம் நிற்கிறது, மண் உருவாகவில்லை என்ற நிலை.

அப்போதுதான் ஹாலர் ஒரு மரவட்டையைக் கவனித்தார். ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையில் மழைக்குப் பின் எங்கும் ஊரும், சிவந்த கால்களும் கரிய உடலுமாக ஒரு விரல் நீளத்துக்கு மேல் வளரும் வகை. அந்த ஊர்க்காரர் அதை மொம்பாசா ரயில் என்பார்கள். அது சவுக்கு ஊசிகளைத் தின்றுகொண்டிருந்தது. பற்றீரியாக்கள் தொட மறுத்ததை இது அரைத்து, தன் குடலிலுள்ள நுண்ணுயிர்களைக் கொண்டு பாதி செரித்து, உருண்டை உருண்டையாக வெளியே தள்ளியது. அந்த எச்சத்தைப் பற்றீரியாக்கள் விருப்பத்தோடு ஏற்றுக்கொண்டன. நூற்றுக்கணக்கில் மரவட்டைகளைப் பிடித்து வந்து குழிக்குள் விட்டார். அவை பெருகின. ஊசி மெத்தைக்குக் கீழே கருமையாக, ஈரமாக, மணமுள்ள உக்கல் படியத் தொடங்கியது.

இந்தக் கதை முழுவதிலும் என்னை அசையவைக்கும் இடம் இதுதான். ஒரு பெரிய தொழில் நிறுவனம், வெடிமருந்து, ராட்சத இயந்திரங்கள் எல்லாம் சேர்ந்து அகற்றிய ஒன்றைத் திரும்ப உண்டாக்கும் ஆற்றல் ஒரு பற்றீரியாவிடமும் ஒரு மரவட்டையிடமும் இருந்தது. அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க மனிதனுக்குத் தேவைப்பட்டது குனிந்து பார்க்கும் பொறுமை மட்டும்.

உக்கல் சேர்ந்த பிறகு மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அந்தக் கரையோரக் காடுகளின் உள்நாட்டு மரங்களை நட்டார்கள். பறவைகள் தாமாகவே விதை கொண்டுவந்தன. வேலை முடித்த சவுக்குகளை வெட்டி மரமாக விற்றுப் புதியவற்றுக்கு வெயில் விட்டார்கள். நீர் ஊறிய பள்ளங்களில் திலாப்பியா வளர்த்தார்கள்; முதலைப் பண்ணையும் வைத்தார்கள். 1984இல் பொதுமக்கள் நடந்து பார்க்கும் இயற்கைப் பாதையாகத் திறந்துவிட்டார்கள். 1987இல் ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் அமைப்பு ஹாலரைத் தன் உலக 500 விருதுப் பட்டியலில் சேர்த்தது. பின்னர் அந்த இடத்துக்கே ஹாலர் பூங்கா என்று பெயரானது.

இன்று அங்கே போகிறவர் முதலில் உணர்வது குளிர்ச்சி. சாலையின் அனலிலிருந்து சரிவில் இறங்கி மர நிழலுக்குள் நுழைகிறோம். கையிலிருந்து தீனி வாங்கித் தின்ன ஒட்டகச்சிவிங்கிகள் கழுத்தை நீட்டுகின்றன. குளத்தில் நீர்யானை. பாதையில் குறுக்கே போகும் ராட்சத ஆமைகள். பள்ளிப் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு போகிறார்கள். பக்கவாட்டில் கொடி படர்ந்த செங்குத்துப் பாறையைக் காணும்போதுதான் இது வெட்டிய சுவர் என்பதும், நாம் ஒரு காலத்தில் கல்லாக இருந்த வெளிக்குள் நடக்கிறோம் என்பதும் உறைக்கின்றன.

அந்தப் பூங்காவை உலகம் அறிந்தது நம்முடைய துயர நாளொன்றினால். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கென்யக் கரையையும் எட்டியது. சபாக்கி ஆற்று வெள்ளத்தில் கடலுக்கு அடித்து வரப்பட்ட நீர்யானைக் குட்டியொன்று, தாயையும் கூட்டத்தையும் இழந்து மாலிந்திக்கு அப்பால் முருகைக்கற்பாறையில் தவித்து நின்றது. மறுநாள் மீனவரும் ஊராரும் வலை போட்டு மீட்டு, ஹாலர் பூங்காவுக்குக் கொண்டுவந்தார்கள். குட்டி நேரே போய் ஒட்டிக்கொண்டது ஏறத்தாழ 130 வயதான அல்டாப்ரா ஆமை ஒன்றோடு. ஓவன் என்ற குட்டியும் உம்சே என்ற ஆமையும் சேர்ந்து படுத்திருக்கும் படத்தை அடுத்த ஆண்டு பத்திரிகைகளில் பார்த்தவர்கள் நம்மிடையே பலர் இருப்பார்கள். அவை படுத்திருந்த தரை, அதற்கு முப்பத்துமூன்று ஆண்டுகளுக்கு முன் புல் முளைக்காத பாறை.

ஹாலர் பூங்காவை அப்படியே தூக்கி வைத்துக் கொண்டாடவும் முடியாது. முன்பு அங்கே இருந்த கரையோரக் காடு திரும்பி வந்துவிடவில்லை. ஆமைகள் சீஷெல்ஸ் பக்கத்தவை. பல விலங்குகள் வேலிக்குள் வளர்பவை. பாதி காடு, பாதி விலங்குக் காட்சிச்சாலை. மண்ணை உண்டாக்கிய முறைதான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. எந்த ஊரில் எந்த மரம், எந்தப் பூச்சி என்பதை அந்தந்த ஊர்தான் சொல்லவேண்டும்.

ராஜஸ்தானின் ஜோத்பூரில் வேறொரு பாதையில் போனார்கள். மெஹ்ரான்கர் கோட்டையின் அடிவாரத்தில் காலங்காலமாகக் கல் வெட்டியும் கைவிட்டும் கிடந்த எரிமலைப் பாறை நிலத்தைச் சீமைக்கருவேலம் மூடியிருந்தது. 2006இல் பிரதீப் கிரிஷன் தலைமையில் வேலை தொடங்கி, 2011இல் ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்காவாகத் திறந்தார்கள். பாறை வெடிப்புக்குள் வேரோடிய சீமைக்கருவேலத்தை மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும். கண்ட்வாலியா என்ற மரபுவழிக் கல்லுடைப்போர், பாறையைச் சுத்தியலால் தட்டி ஓசையைக் கேட்டே உள்ளே வெடிப்பு எங்கே போகிறது என்று சொன்னார்கள். அந்தக் காதுகளின் துணையோடு உளி வைத்து வேரை ஒவ்வொன்றாகக் கிளப்பி, அதே குழிகளில் பாறைக்கே பழகிய உள்நாட்டுச் செடிகளை நட்டார்கள். அங்கே மண்ணை வளப்படுத்தவே முனையவில்லை. வறண்ட பாறையில் வாழத் தெரிந்த செடிகளுக்கு அந்த வறட்சிதான் வீடு என்பது அவர்கள் கண்டது. கல் உடைத்தவர்களே பூங்காவையும் உண்டாக்கினார்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

சென்னைக்குத் தெற்கே நன்மங்கலம் காப்புக்காட்டில் இன்னொரு விதம். யாரும் திட்டமிடாத விதம். கைவிடப்பட்ட கருங்கல் குவாரியின் விளிம்புகளில் கொம்பன் ஆந்தைகள் குடியேறிவிட்டன. செங்குத்துப் பாறையில் முட்டையிடும் பறவை அது. சமவெளியில் அப்படிப் பாறை கிடைப்பது அரிது. மனிதன் வெட்டிய சுவரை அது மலைமுகடாக எடுத்துக்கொண்டது. அதைப் பார்ப்பதற்கென்றே பறவை ஆர்வலர்கள் அங்கே போகிறார்கள்.

இனி நம் கரைக்கு வருவோம். அருவக்காட்டில் கல் எடுத்து முடித்த பகுதிகளில் காட்டை மீட்கும் வேலையை, உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் இலங்கை அலுவலகம் சீமெந்து நிறுவனத்தோடு சேர்ந்து செய்திருக்கிறது. சவுக்கை நம்பாமல் உலர்வலயக் காட்டின் சொந்த மரங்களைக் கொண்டுவருவதே அங்கே நோக்கம். பக்கத்தில் வில்பத்து இருப்பது பெரும் பாக்கியம். விதை கொண்டுவரப் பறவைகளும் குரங்குகளும் வௌவால்களும் கரடிகளும் அருகிலேயே உண்டு. யானை தன் சாணத்தோடு ஆயிரக்கணக்கான விதைகளையும் பசளையையும் ஒன்றாகவே போட்டுவிட்டுப் போகும். ஹாலருக்கு இவ்வளவு வசதி இல்லை. அவர் பலவற்றைக் கையால் கொண்டுவர வேண்டியிருந்தது.

ஆனாலும் அவசரப்பட முடியாது. மடுத் திருவிழாவுக்குக் காட்டு வழியே போகிறவர்கள் எல்லாரும் பாலை மரத்தை அறிவார்கள். அதன் பழம் கரடிக்கும் நமக்கும் ஒரேபோல் பிடிக்கும். பாலையும் வீரையும் முதிரையும் மெல்ல வளர்பவை. சவுக்கு ஓராண்டில் ஓடும் உயரத்தைத் தொடப் பாலைக்குப் பல ஆண்டு வேண்டும். நட்டவர் நிழலில் உட்காரும் வாய்ப்புக் குறைவு. நிறுவனங்கள் கைமாறும், அதிகாரிகள் மாறுவார்கள், திட்டக் காலம் மூன்றாண்டிலோ ஐந்தாண்டிலோ முடியும். ஒரு பாலைக் கன்றுக்கு அந்தக் கால அளவு ஒன்றுமே இல்லை. காட்டை மீட்கும் திட்டம் எதையும் பார்க்கும்போது முதலில் நான் தேடுவது, பதினைந்தாம் ஆண்டில் அதற்கு யார் பொறுப்பு என்ற வரியைத்தான்.

அதே அருவக்காட்டுக்கு இன்னொரு விதியும் வந்தது. 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் கொழும்பு மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பிறகு தலைநகரின் குப்பையைப் புத்தளத்துக்கு அனுப்பி, கல் எடுத்த பக்கத்தில் புதைக்கும் திட்டம் வேகம் பிடித்தது. புத்தளம் மக்கள் மாதக்கணக்காகத் தெருவில் நின்று எதிர்த்தார்கள். அவர்கள் அச்சம் வெறும் உணர்ச்சியால் வந்ததல்ல. சுண்ணக்கல் தண்ணீரில் மெல்லக் கரையும் கல். அதனுள் வெடிப்பும் பொந்தும் குகையும் உண்டு. குப்பையிலிருந்து கசியும் சாறு தடுப்பு விரிப்பைத் தாண்டிவிட்டால், மணல் வடிகட்டுவதுபோல இந்தக் கல் அதை வடிகட்டாது. நேரே நிலத்தடி நீருக்கும் களப்புக்கும் வழி விட்டுவிடும். கற்குழியைக் கண்டதும் நிரப்பவேண்டிய ஓட்டையாகப் பார்க்கும் பழக்கம் உலகெங்கும் இருக்கிறது. எல்லாக் கல்லிலும் அது ஆபத்துத்தான். சுண்ணக்கல்லில் இரட்டை ஆபத்து.

மன்னார்த் தீவில் பேச்சு வேறு. அங்கே தோண்டக் கேட்பது கல்லை அல்ல, மணலை. தீவின் மணலில் இல்மனைற்று உள்ளிட்ட கனரகக் கனிமங்கள் உண்டு. வெள்ளைப் பூச்சு நிறமி செய்யும் தைத்தேனியம் அதிலிருந்து கிடைக்கும். ஆஸ்திரேலிய நிறுவனமொன்று துளையிட்டுத் தேடிப் பார்த்திருக்கிறது. தீவு மக்கள் எதிர்த்து வருகிறார்கள். அகழ்ந்த பிறகு மணலைத் திரும்ப இட்டு மரம் நட்டுவிடலாமே, பம்புரியில் பாறையிலேயே காடு வந்ததே என்று யாராவது கேட்கக்கூடும். அதற்கு விடை தண்ணீரில் இருக்கிறது.

தீவின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து சில மீற்றருக்கு மேல் உயரவில்லை. பேசாலையிலும் தலைமன்னாரிலும் கிணற்றில் நன்னீர் கிடைப்பது மழையால். மணலுக்குள் இறங்கிய மழைநீர், அடியிலுள்ள உப்புநீரின் மேல், தண்ணீரில் தேங்காயெண்ணெய் மிதப்பதுபோல மிதக்கிறது. உப்புநீரைவிட அது சற்றே அடர்த்தி குறைந்தது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை உப்பை அது அழுத்தி வைத்திருக்கும் என்பது நீரியலாளர் நூறாண்டுக்கு மேலாக அறிந்த கணக்கு. மறுபக்கமும் அதே கணக்குத்தான்: மேலே கால் மீற்றர் குறைந்தால் கீழே உப்பு 10 மீற்றர் ஏறிவரும். மணலைக் கிளறிக் குழியாக்கினால் நன்னீர் வெயில் பட்டு ஆவியாகும், பக்கவாட்டில் வடியும், மட்டம் இறங்கும். உப்பு ஏறிய பிறகு சவுக்கைக்கூட நடலாம், பிழைக்கும். கிணற்றில் குடிக்க முடியாது, பனங்கன்றும் தோட்டமும் தாங்காது. பம்புரியில் நீர்மட்டத்தைத் தொடாமல் நிறுத்தினார்கள். மன்னார்த் தீவில் நீர்மட்டமே காலடியில் இருக்கிறது. ஒரு குழிக்குப் பிற்காலம் உண்டா என்பது மரம் நடும் நாளில் முடிவாவதில்லை, முதல் மண்வெட்டி எங்கே இறங்குகிறது என்பதில் முடிவாகிறது. இந்தத் தீவில் அது இறங்கவே கூடாது என்பது என் எண்ணம்.

பெருந்தரையில், மடுவைச் சுற்றிய காட்டோரங்களில் உள்ளவை சிறிய குழிகள். வீதி போடவும் வீட்டுக்கு நிரவவும் கிரவல் எடுத்த குழிகள். மடுவீதியிலிருந்து உள்ளே எந்தக் கிளைப்பாதையில் போனாலும் ஒன்றையாவது காணலாம். மாரியில் நீர் நிரம்பி, ஆழம் தெரியாமல், பிள்ளைகளுக்கும் மாடுகளுக்கும் ஆபத்தாகக் கிடக்கும்; கோடையில் குப்பை கொட்டும் இடமாகும். இவற்றைத் திருத்தக் கென்யாவிலிருந்து ஒருவர் வரவேண்டியதில்லை. அகழத் தொடங்கும் நாளில் மேல்மண்ணை, ஒரு முழம் ஆழம் வரை, தனியே குவித்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது. அந்த மண்ணுக்குள்தான் காட்டின் விதைகளும் வேர்க் கூட்டாளிகளும் இருக்கின்றன. முடிந்ததும் அதையே திரும்பப் பரப்பவேண்டும். ஒரு பக்கத்தைச் சரிவாக்கிவிட்டால் விழுந்த விலங்கு ஏறிவரும், நீரின் ஓரத்தில் கோரை பிடிக்கும், கோரைக்குள் தவளையும் தும்பியும் வரும். எதிர்ப்பக்கத்து மண்சுவரை, ஓர் ஆள் உயரத்துக்கு மேற்படாமல், செங்குத்தாகவே விட்டுவிடலாம். பஞ்சுருட்டான்கள் துளையிட்டுக் கூடு வைக்க அப்படியொரு சுவரைத்தான் தேடித் திரிகின்றன. மீன்கொத்தியும் அதையே விரும்பும். வேலியோரத்தில் நாலு பாலை, நாலு வீரை. பக்கத்துப் பாடசாலைப் பிள்ளைகளிடம் ஒரு கொப்பி கொடுத்து, ஒவ்வொரு மாரி முடிவிலும் எந்தப் பறவை வந்தது, எந்தச் செடி தானாக முளைத்தது என்று எழுதிவரச் சொல்லலாம். முதல் பக்கத்தில் பெரும்பாலும் ஆவாரையும் எருக்கும்தான் இருக்கும். பாலைக் கன்றொன்று நடாமலே முளைத்திருந்தால், எந்தக் கரடி அல்லது எந்த வௌவால் கொண்டுவந்தது என்று தேடும் வேலை அந்தப் பிள்ளைகளுக்கு மீதி இருக்கும்.